உங்களுக்குத் தெரியுமா? டிஏசி வாங்கும் முன் 13 தகவல்கள்

கணினியில் எண்களாகக் கிடக்கும் பாட்டை ஸ்பீக்கருக்குப் புரியும் மின்னலையாக மாற்றித் தருவது ‘டிஏசி’ என்ற கருவி. சில நூறு ரூபாய்க்கும் கிடைக்கிறது, லட்ச ரூபாய்க்கும் கிடைக்கிறது. எதை வாங்குவது, வாங்கத்தான் வேண்டுமா?

● ஆரணித் தறியில் கணினி மொழி: ஆரணிப் பட்டுத் தறியின் ஜக்கார்டு பெட்டியில் ஏறும் அட்டையில் ஓட்டை இருந்தால் கொக்கி பாவு இழையைத் தூக்கும், இல்லையென்றால் தூக்காது. மயிலும் மாங்காயும் அன்னமும் இந்த இரண்டே கட்டளையில் சேலையில் இறங்கிவிடுகின்றன. பிரான்சின் லியோன் நகரத்து ஜோசப் மரி ஜக்கார்டு 1804-ல் கொண்டுவந்த முறை இது. கணினியின் முன்னோடி சார்லஸ் பாபேஜ் தம் பொறிக்கு இதே அட்டையைத்தான் தேர்ந்தெடுத்தார். உங்கள் பாட்டுக் கோப்பும் இப்படி இரண்டே குறிகளால் ஆனதுதான். அட்டையைச் சேலையாக்குவது தறி. எண்ணைப் பாட்டாக்குவது டிஏசி.

● ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது: லேப்டாப்பில் ஹெட்போன் செருகும் துளைக்குப் பின்னால் ஒரு டிஏசி உண்டு. ஹெட்போன் துளை உள்ள மானிட்டரிலும் உண்டு. ஹெட்போன் துளை இல்லாத போன்களுக்கு விற்கும் விரல் நீள டைப்-சி ஒயர்கள் பலவற்றின் முனையிலும் ஒன்று ஒளிந்திருக்கிறது. நீங்கள் வாங்க நினைப்பது முதல் டிஏசி அல்ல, இரண்டாவதோ மூன்றாவதோ!

● புளூடூத்காரர்களுக்குத் தேவையில்லை: புளூடூத் ஹெட்போனுக்குப் பாட்டு எண்களாகவே போகிறது. அதை ஒலியாக மாற்றும் சிப் ஹெட்போனுக்குள்ளேயே இருக்கிறது. கணினியில் எவ்வளவு விலையுயர்ந்த டிஏசி இருந்தாலும் அதற்கு அங்கே வேலை இல்லை.

● 44,100 எங்கிருந்து வந்தது? 1982-ல் கடைக்கு வந்த சிடியில் ஒவ்வொரு நொடியும் 44,100 முறை ஒலி அளக்கப்படுகிறது. அன்று எண்ணொலியைப் பதியக் கிடைத்த வசதி வீடியோ டேப். அமெரிக்க, ஜப்பான் டிவி முறையில் 3×245×60 = 44,100. இந்தியாவும் பின்பற்றிய முறையில் 3×294×50 = அதே 44,100. இரண்டுக்கும் பொருந்தியதால் இந்த எண் நிலைத்துவிட்டது. இதைக்கொண்டு 22,050 ஹெர்ட்ஸ் வரை பதியலாம். மனிதக் காதின் எல்லை 20,000 ஹெர்ட்ஸ். வயது ஏற ஏற அதுவும் குறையும்.

● 24 பிட் ஆசை: ஒலியின் அளவைக் குறிக்க சிடியின் 16 பிட்டில் 65,536 படிகள்; 24 பிட்டில் 1,67,77,216 படிகள். கணக்குப்படி முதலாவது 96 டெசிபல் வீச்சு தரும், அடுத்தது 144. ஆனால் மின்சுற்றின் வெப்ப இரைச்சலே குறுக்கே நிற்பதால் எந்த டிஏசியும் 144-ஐ எட்டுவதில்லை. நள்ளிரவில் ஊர் அடங்கிய பிறகும் அறையில் 30 டெசிபல் சத்தம் இருக்கும். அதன் மேல் 96 வைத்தால் 126 ஆகிறது. அது காது வலிக்கும் அளவு!

● பழைய பாட்டுக்கு எது போதும்? எம்.எஸ்.வி. காலத்துப் பாடல்கள் பல காந்த நாடாவில் பதிவானவை. இரைச்சல் குறைப்பு வசதி இல்லாத நாடாவின் வீச்சு ஏறத்தாழ 60 முதல் 70 டெசிபல். சிடி தரமே அதற்குத் தாராளம். நல்ல பிரதியைத் தேடிப் பிடிப்பதில்தான் லாபம்.

● 554-ல் 276: உயர்தரப் பதிவையும், அதையே சிடி தரத்துக்கு இறக்கிய ஒலியையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள் மேயர், மோரன் என்ற ஆய்வாளர்கள். அவர்களுடைய ஆய்வு 2007-ல் அமெரிக்க ஒலிப் பொறியியல் சங்க இதழில் வெளிவந்தது. 554 முயற்சிகளில் 276 சரி, அதாவது 49.8 சதவீதம். காசைச் சுண்டிப் பார்த்துச் சொல்லியிருந்தாலும் இதே பலன்தான்!

● சிப் ஆலையும் செயற்கைப் பட்டும் ஒரே ஊரில்: 2020 அக்டோபரில் ஜப்பானின் நொபெயோக்கா நகரில் ஏகேஎம் சிப் ஆலை தீப்பிடித்தது. உலகெங்கும் டிஏசி சிப்புக்குத் தட்டுப்பாடு; பல கம்பெனிகள் வேறு சிப்புக்குத் தாவின. ஏகேஎம்மின் தாய் நிறுவனமான அசாஹி கசெய், அதே ஊரில் 1931 முதல் ‘பெம்பெர்க்’ என்ற பட்டுப் போன்ற நூலைத் தயாரிக்கிறது. மூலப்பொருள் பருத்திக்கொட்டையில் ஒட்டியிருக்கும் குட்டைப் பஞ்சு. ஆரணிக்காரர்கள் இதைப் பட்டு என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

● ‘ங்ங்…’ இரைச்சலா? லேப்டாப் சார்ஜரை ஒரு நிமிடம் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் சிக்கல் பெரும்பாலும் எர்த் வழியாக வருகிறது. யுஎஸ்பி டிஏசி வாங்கினாலும் அது தொடரலாம். கணினியில் ஆப்டிகல் துளை இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். 1983-ல் தோஷிபா அறிமுகப்படுத்திய இந்த இணைப்பில் மின்சாரம் அல்ல, ஒளி பயணிக்கிறது. அதனால் அந்த எர்த் இரைச்சலுக்கு வழியில்லை. பிளக்கின் எர்த் பின்னை மட்டும் ஒருபோதும் உடைக்காதீர்கள், ஷாக் அடிக்கலாம்.

● செட்டிங்கில் ஒரு கண்: விண்டோஸ் எல்லாச் சத்தங்களையும் கலந்து ஒரே வேகத்துக்கு மாற்றித்தான் வெளியே விடுகிறது. 44,100 பாட்டு 48,000 ஆகிவிடலாம். பாட்டு செயலியில் ‘எக்ஸ்க்ளூசிவ் மோடு’ இருந்தால் போடுங்கள்; கோப்பு உள்ளபடியே டிஏசிக்குப் போகும். செலவு: பூஜ்யம். இன்னொன்று, 192 கிலோஹெர்ட்ஸ் டிஏசிகளுக்கான யுஎஸ்பி டிரைவர் விண்டோஸில் 2017-ல்தான் சேர்ந்தது. பழைய கணினி என்றால் தயாரிப்பாளரின் டிரைவரைத் தனியே ஏற்ற வேண்டும்.

● எட்டில் ஒரு பங்கு: ஹெட்போன் செருகும் டிஏசியில் ‘அவுட்புட் இம்பிடன்ஸ்’ எவ்வளவு என்று பாருங்கள். உங்கள் ஹெட்போன் 32 ஓம் என்றால் அது 4 ஓமுக்குள் இருப்பது நல்லது. மீறினால் சில ஹெட்போன்களில் ஒலியின் சமநிலை கெட்டுப்போகும்.

● கடைக்காரர் காட்டும் ‘வித்தியாசம்’: சற்றே உரக்க ஒலிப்பது காதுக்கு நல்லதாகவே படும். தனி டிஏசி பொதுவாக 2 வோல்ட் தருகிறது. லேப்டாப் துளை அதைவிடக் குறைவாகவே தரும். இரண்டையும் ஒரே அளவுச் சத்தத்துக்குக் கொண்டுவந்து, எது ஓடுகிறது என்று தெரியாமல் கேட்டுப் பாருங்கள்.

● அப்படியானால் எப்போது வாங்கலாம்? பாட்டு நின்றபிறகும் லேப்டாப் துளையில் ‘ஸ்ஸ்’ என்றோ ‘கிர்’ என்றோ கேட்டால் வாங்கலாம். பெரிய ஹெட்போனுக்குச் சத்தம் போதவில்லை என்றால் வாங்கலாம். ஒயர் ஹெட்போனைச் செருகத் துளையே இல்லை என்றால் வாங்கியே ஆகவேண்டும். இந்த மூன்றும் இல்லையா? பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள். வித்தியாசம் பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியும்!