சாக்லேட் உறைக்குள் ஒராங்குட்டான் விரல்... ஒரு வீடியோ கேட்ட கேள்வி!

அலுவலக வேலையில் அலுத்துப்போன ஒருவர் கிட்கேட் உறையைப் பிரிக்கிறார். உள்ளே இருப்பது சாக்லேட் அல்ல, ஒராங்குட்டானின் விரல். கவனிக்காமல் அவர் கடிக்க, கீபோர்டில் ரத்தம் சொட்டுகிறது.

2010 மார்ச்சில் கிரீன்பீஸ் அமைப்பு வெளியிட்ட வீடியோ இது. குழந்தைகளுக்குக் காட்டக்கூடியது அல்ல. ஆனால், அது எழுப்பிய கேள்வி எளிமையானது: சாக்லேட்டில் சேரும் பாமாயில் எந்தக் காட்டை அழித்து வந்தது?

இந்தோனேசியாவின் மழைக்காடுகளை அழித்துத் தோட்டம் போடும் சினார் மாஸ் குழுமத்திடம் நெஸ்லே பாமாயில் வாங்குகிறது என்பதுதான் குற்றச்சாட்டு. உலகில் ஒராங்குட்டான்கள் இயற்கையாக வாழும் இடங்கள் போர்னியோ, சுமத்ரா என்ற இரண்டே தீவுகள்தான். மலாய் மொழியில் அந்தப் பெயருக்கு 'காட்டு மனிதன்' என்று பொருள். காடு போனால் அவற்றுக்கு வேறு போக்கிடம் இல்லை.

நெஸ்லே முதலில் செய்தது, காப்புரிமையைக் காரணம் காட்டி யூடியூபிலிருந்து வீடியோவை நீக்கவைத்தது. அதுவே வினையாகிப்போனது. நீக்கிய வீடியோவைத் தேடித்தேடிப் பார்த்தார்கள். நிறுவனத்தின் ஃபேஸ்புக் பக்கத்தில் கேள்விகள் குவிய, பக்கத்தை நிர்வகித்தவர் வெடுக்கென்று பதில் சொல்லி நெருப்பில் எண்ணெய் ஊற்றினார். பாமாயில்தான் போல!

'சினார் மாஸிடம் நேரடியாக வாங்குவதை நிறுத்திவிட்டோம்' என்றது நெஸ்லே. 'இடையில் இருக்கும் வியாபாரிகள் மூலமாக அதே எண்ணெய் வருகிறதே?' என்றது கிரீன்பீஸ். விஷயத்தின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது.

பனைக்குலையை வெட்டிய ஓரிரு நாளுக்குள் ஆலைக்குக் கொண்டுபோக வேண்டும். தாமதமானால் எண்ணெயின் தரம் கெடும். அதனால் ஓர் ஆலைக்குச் சுற்றுவட்டாரத்துப் பெரிய தோட்டம், சின்ன விவசாயி, நேற்று காட்டை எரித்து நட்டவர் என்று எல்லோருடைய குலையும் வருகிறது. எல்லாம் ஒரே தொட்டியில் கலக்கிறது. அங்கிருந்து சுத்திகரிப்பு ஆலை, துறைமுகம், கப்பல் என்று இன்னும் பல இடங்களில் கலக்கிறது. கடைசியில் பிஸ்கட்டில் சேரும் எண்ணெயைப் பார்த்து, எந்த மண்ணில் விளைந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஏப்ரலில் சுவிட்சர்லாந்தில் நடந்த நெஸ்லேயின் பங்குதாரர் கூட்டத்தில், கூரையிலிருந்து பேனர்களைத் தொங்கவிட்டார்கள் போராட்டக்காரர்கள். மே 17-ல் நிறுவனம் இறங்கிவந்தது. காடழிப்போடு தொடர்புள்ளவர்களிடம் வாங்குவதில்லை என்று அறிவித்தது. வீடியோ வெளியாகி சரியாக இரண்டே மாதம்! அடுத்த ஆண்டு, சினார் மாஸின் பாமாயில் நிறுவனமான கோல்டன் அக்ரியும் காடு பாதுகாப்புக் கொள்கையை அறிவித்தது. 2013 டிசம்பரில், பாமாயில் வணிகத்தின் ஜாம்பவானான வில்மரும் அதே வழிக்கு வந்தது.

அறிவிப்போடு காடு தப்பித்துவிடவில்லை. 2015-ல் இந்தோனேசியாவில் சுமார் 26 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. சிங்கப்பூர், மலேசியா வரை புகை சூழ்ந்தது. 2020-க்குள் காடழிப்பே இல்லாத மூலப்பொருள் என்று இலக்கு வைத்திருந்த நெஸ்லே, அந்த ஆண்டு முடிவில் 90 சதவிகிதத்தைத்தான் எட்டியதாகத் தானே சொன்னது.

உருப்படியாக நடந்த மாற்றம், எந்தெந்த ஆலைகளின் எண்ணெய் தங்களிடம் வருகிறது என்ற பட்டியலை 2018-ல் யூனிலீவரும் நெஸ்லேயும் வெளியிட்டதுதான். ஆலை எதுவென்று தெரிந்தால், அதைச் சுற்றியுள்ள காட்டை சாட்டிலைட் படத்தில் யார் வேண்டுமானாலும் கண்காணிக்கலாம்.

'பாமாயிலே வேண்டாம்' என்று ஒதுக்குவதும் தீர்வாகாது. ஒரே அளவு நிலத்தில் சோயாவைவிடப் பல மடங்கு எண்ணெய் தருவது எண்ணெய்ப்பனை. வேறு பயிருக்கு மாறினால் இன்னும் அதிக நிலம் வேண்டும்.

உலகிலேயே அதிகமாகப் பாமாயிலை இறக்குமதி செய்யும் நாடு இந்தியா. நம் ரேஷன் கடை பாக்கெட்டில் தொடங்கி டீக்கடை பஜ்ஜி, பிஸ்கட், குளியல் சோப் வரை அது இருக்கிறது. பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் 'பாமாயில்' என்றோ 'பாமோலின்' என்றோ போட்டிருப்பார்கள். எந்த ஆலையிலிருந்து வந்தது என்று போட்டிருக்காது.