புது எஸ்எஸ்டி போட்டாச்சு... பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றலாமா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்ததால், பலரும் புது எஸ்எஸ்டியில் விண்டோஸ் 11 போடுகிறார்கள். ஆனால் பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றியதும் சிஸ்டம் பூட் ஆகலையா? பதற வேண்டாம், விண்டோஸ் அப்படியேதான் இருக்கும்.

காரணம் என்ன?
இரண்டு டிஸ்க்கும் மாட்டியிருக்கும்போது இன்ஸ்டால் செய்தால், விண்டோஸைத் தொடங்கிவைக்கும் பூட் ஃபைல்கள் பழைய டிஸ்க்கின் இஎஃப்ஐ பகுதிக்கே போய்விடலாம்.

என்ன செய்யலாம்?
முதலில் பேக்கப் எடுங்கள். பழைய டிஸ்க்கை மறுபடி மாட்டி பூட் செய்து, 'டிஸ்க்பார்ட்' மூலம் எஸ்எஸ்டியின் காலி இடத்தில் 300 எம்பி-க்கு ஃபேட்32 வகை இஎஃப்ஐ பகுதி உருவாக்குங்கள். 'பிசிடிபூட்' கட்டளை பூட் ஃபைல்களை அதில் எழுதிவிடும்.

பழைய டிஸ்க் இல்லாமல் ஒருமுறை பூட் ஆகும்வரை அதை ஃபார்மட் மட்டும் பண்ணிடாதீங்க!