ஒரே கப்பல், ஊர்ப்பட்ட கணினிகள்: கப்பல் கட்டும் துறைக்கு ஏன் ஒரு பொதுமொழி தேவை?

காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கம் மரக்கலங்களைப் பற்றிப் பெரியவர்கள் சொல்ல நாம் கேட்டிருப்போம். தோணி கட்டிய ஓடாவிக்குக் காகித வரைபடம் அவசியப்படவில்லை. அளவெல்லாம் அவர் மனதிலேயே இருந்தது.

இன்றைய சரக்குக் கப்பலை ஒருவர் மனதில் வைத்திருக்க முடியாது. உடற்பகுதியை வடிவமைப்பது ஒரு நிறுவனம். எஞ்சின் தருவது வேறொரு நாட்டு நிறுவனம். பம்பு, வால்வு, மின்கம்பி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆட்கள். ஒவ்வொருவரும் தமக்குப் பழகிய மென்பொருளில் வரைகிறார்கள். ஒருவரின் கோப்பு மற்றவர் கணினியில் திறக்காது. திறந்தாலும் பாதி விவரம் காணாமல் போயிருக்கும்.

'இதெல்லாம் ஒரு பிரச்சினையா?' என்று கேட்பவர்களுக்கு ஏர்பஸ் ஏ380 விமானத்தின் கதையைச் சொல்லலாம். ஒரு விமானத்துக்குள் சுமார் 530 கிலோமீட்டர் மின்கம்பி. ஜெர்மனியின் ஹாம்பர்க் ஆலையும் பிரான்சின் துலூஸ் ஆலையும் ஒரே வடிவமைப்பு மென்பொருளின் வெவ்வேறு பதிப்புகளைப் பயன்படுத்தின. விளைவு, கம்பிகள் பொருத்தும் இடத்தில் நீளம் போதவில்லை. 2006-இல் இந்தத் தாமதம் வெளியே தெரிந்தபோது நிறுவனமே ஆட்டம் கண்டது. ஒரே குழுமத்துக்குள்ளேயே இந்த நிலை!

இதற்குத் தீர்வாக வந்தவைதான் திறந்த தரவுத் தரங்கள். ஒரு விவரத்தை எப்படி எழுதி வைப்பது என்ற விதியை எல்லாரும் பார்க்கும்படி வெளியிட்டுவிடுவார்கள். எந்த மென்பொருளும் அதைப் படிக்கலாம், எழுதலாம். 1994-இல் வெளிவந்த 'ஸ்டெப்' எனும் ஐ.எஸ்.ஓ. 10303 இதில் முன்னோடி. கப்பலுக்கென்றே அதில் தனிப் பகுதிகள் பின்னர் சேர்க்கப்பட்டன. ஆனால் அவை எதிர்பார்த்த அளவு பரவவில்லை.

அண்மையில் நம் கவனத்தை ஈர்ப்பது 'ஓ.சி.எக்ஸ்.' என்ற தரம். கப்பல் பாதுகாப்பானதா என்று சான்றளிக்க வகைப்பாட்டுச் சங்கங்கள் இருக்கின்றன. தளத்தில் பொறியாளர் முப்பரிமாண மாதிரியைத்தான் உருவாக்குகிறார். ஆனால் சான்றுக்காக அதையே தட்டையான வரைபடங்களாக மாற்றி அனுப்புவது வழக்கம். அந்தப் பக்கம் இருப்பவர் அதைப் பார்த்து மீண்டும் மாதிரியைக் கட்டுவார். ஒரே வேலை இரண்டு முறை; நடுவில் பிழை புகவும் வாய்ப்பு. மாதிரியையே நேரடியாக அனுப்ப ஓ.சி.எக்ஸ். வழி செய்கிறது.

'எங்கள் தொழில் ரகசியம் வெளியே போய்விடாதா?' என்று எஞ்சின் நிறுவனங்கள் அஞ்சுவதில் நியாயம் உண்டு. அதற்கும் வழி இருக்கிறது. கார் துறையில் 2010-இல் வந்த 'எஃப்.எம்.ஐ.' தரப்படி, எஞ்சின் எப்படி இயங்கும் என்பதை ஒரு மூடிய பெட்டி போலக் கொடுக்கலாம். உள்ளே என்ன இருக்கிறது என்று காட்ட வேண்டியதில்லை. இன்னது கொடுத்தால் இன்னது வரும் என்று தெரிந்தால் போதும். நார்வேயில் 2018-இல் தொடங்கிய 'ஓப்பன் சிமுலேஷன் பிளாட்ஃபார்ம்' இதையே கப்பலுக்குக் கொண்டுவந்தது. பல நிறுவனங்களின் பெட்டிகளை இணைத்து, கப்பல் கடலில் இறங்குமுன்பே கணினியில் ஓட்டிப் பார்க்கிறார்கள்.

நம் பார்வையில் இதில் அதிகம் பயன்பெற வேண்டியவர்கள் சிறு பட்டறைக்காரர்கள். பெரிய தளம் கேட்கிறதே என்பதற்காக விலையுயர்ந்த மென்பொருளை வாங்க அவர்களால் இயலாது. மறுபுறம், கப்பலின் ஆயுள் 25 ஆண்டுகளுக்கு மேல். மென்பொருள் நிறுவனம் அவ்வளவு காலம் நிலைக்குமா? பழைய கோப்பு திறக்காவிட்டால் பழுது பார்ப்பவர் டேப்பைப் பிடித்து அளக்க வேண்டியதுதான்.

சென்னை ஐ.ஐ.டி.யிலும் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் விசாகப்பட்டினம் வளாகத்திலும் கப்பல் வடிவமைப்புப் படிப்பு இருக்கிறது. நார்வேத் திட்டத்தின் நிரல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கணினியில் ஆர்வமுள்ள பிள்ளைகள் வீட்டிலிருந்தே அவற்றை இறக்கி இயக்கிப் பார்க்கலாம்.