அதட்டல் வேண்டாம், எடுத்துக் கொடுங்கள்!

2020-ல் கொரோனா வந்தபோது, படித்த பணக்கார நாடுகளில்தான் ஒழுங்காக மாஸ்க் போடுவார்கள் என்று நினைத்திருந்தேன். பார்த்தால், அமெரிக்காவில் "போடமாட்டோம், அது எங்க இஷ்டம்" என்று பலர் ஊர்வலமே போனார்கள்! வியட்நாமிலோ அந்த வருஷம் மார்ச்சிலேயே பொது இடங்களில் மாஸ்க் கட்டாயமாகிவிட்டது.

ஏழை நாடான வங்கதேசத்தில் 2020 நவம்பர் முதல் 600 கிராமங்களில் ஓர் ஆய்வு நடந்தது. பாதி கிராமங்களில் வீடு வீடாக இலவசமாக மாஸ்க் கொடுத்தார்கள். கடைத்தெருவில், மசூதி வாசலில் நின்று, போடாதவர்களுக்குத் தன்மையாக நினைவுபடுத்தினார்கள். மற்ற கிராமங்களில் நூற்றுக்கு 13 பேர்தான் சரியாகப் போட்டார்கள்; இங்கே 42 பேர்! சர்ஜிகல் மாஸ்க் கொடுத்த கிராமங்களில், அறுபது தாண்டிய பெரியவர்களிடையே அறிகுறியோடு வந்த கொரோனா சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாம்.

என் மாமியாரும் அப்படித்தான். "போட்டுக்கோங்க அத்தை" என்று நான் கத்திய நாளெல்லாம், "மூச்சு முட்டுதுடி" என்று கழற்றிவிடுவார். நானும் போட்டுக்கொண்டு, புதுசு ஒன்றைக் கையில் கொடுத்து, "வாங்க அத்தை, போகலாம்" என்றேன். மறுபேச்சில்லை!

சகோதரிகளே, இருமல் சளியோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது இன்றைக்கும் இது உதவும். முதலில் நாம் போடுவோம்; பிறகு எடுத்துக் கொடுப்போம்.