தலைவலிதானே என்று விடாதீர்கள்

கர்ப்பிணிக்குக் கால் வீங்கினால், "நீர் கோத்துக்கொள்வது சகஜம்தான்" என்பார்கள். பெரும்பாலும் அது உண்மை. ஆனால் 20 வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டால் கணக்கே மாறிவிடும். அழுத்தம் சத்தமில்லாமல் ஏறும். முற்றும்போது மாத்திரைக்கு அடங்காத தலைவலி, கண்முன் பூச்சி பறப்பது, வலது விலாவுக்குக் கீழே வலி என்று காட்டிக்கொடுக்கும். அதை வாயு என்று நினைத்து ஓமத்தண்ணீர் கொடுத்துப் பார்க்கும் நேரம்தான் ஆபத்து, வலிப்பு வந்துவிடலாம். வந்தால் இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். கையில் சாவிக்கொத்து, வாயில் ஸ்பூன் எல்லாம் வேண்டாம்.

வலிப்பைத் தடுக்க மெக்னீசியம் சல்பேட் இருக்கிறது. 33 நாடுகளில் சுமார் 10,000 பெண்களிடம் நடந்து 2002-இல் வெளியான 'மேக்பை' ஆய்வில், அது வலிப்பு அபாயத்தைப் பாதிக்கும் மேலாகக் குறைத்தது. விலையும் மலிவு. இதையெல்லாம் சொல்லிக் கர்ப்பிணியைப் பயமுறுத்தலாமா என்று கேட்கலாம். அழுத்தமும் சிறுநீரில் புரதமும் பார்க்கச் சில நிமிடம் போதும். பயம் அங்கேயே தெளிந்துவிடும். பார்க்காமல் விட்டால்தான் சிக்கல். பிரசவம் ஆனதும் கண்டம் தாண்டியாயிற்று என்பதும் தவறு. அதன்பின் 6 வாரம் வரை இந்த உயர் ரத்த அழுத்தமும் வலிப்பும் வரலாம். அப்போதும் கடுமையான தலைவலி என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள்.