பழைய காரின் மின்சாரக் கோளாறு



காலையில் காரின் சாவியைத் திருப்புகிறோம். 'டிக்' என்று ஓர் ஓசை, அவ்வளவுதான். உடனே நாம் என்ன சொல்கிறோம்? "பேட்டரி போய்விட்டது!" கடைக்காரரும் அதையே சொல்கிறார். புதுப் பேட்டரி வாங்கிப் போடுகிறோம். ஆனால் பல வேளைகளில் குற்றம் பேட்டரியில் இல்லை.

எனக்கே இது நேர்ந்தது. 2009ஆம் ஆண்டில் என்னிடம் ஒரு பழைய புரோட்டோன் சாகா இருந்தது. பட்டணத்துப் பட்டறையில் 180 வெள்ளிக்குப் புதுப் பேட்டரி மாற்றி இரண்டு வாரங்கூட ஆகவில்லை. ஒரு மழை இரவில் பக்கத்து லயத்துப் பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டுவிட்டது. கணவர் ஓடி வந்து, "சார், கொஞ்சம் காரை எடுங்க" என்றார். சாவியைத் திருப்பினேன். 'டிக்!' விளக்கு மட்டும் பளிச்சென்று எரிந்தது.

சத்தங் கேட்டுத் தோட்டத்து லோரி ஓட்டும் பெரியவர் வந்தார். ஜம்பர் வயரின் ஒரு நுனியைப் பேட்டரியின் எதிர்முனையிலும், மறு நுனியைச் சற்றுத் தள்ளி இயந்திரத்தின் இரும்பிலும் கவ்வ வைத்தார். "இப்ப திருப்புங்க" என்றார். கார் கிளம்பிவிட்டது! தாயும் பிள்ளையும் நலம். மறுநாள் பார்த்தால், இயந்திரத்தையும் பேட்டரியையும் இணைக்கும் 'எர்த்' பட்டை பச்சை பூத்து, இழை இழையாக அறுந்து கிடந்தது. நல்ல பேட்டரியைத்தான் நான் கடையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

பேட்டரியிலிருந்து புறப்படும் மின்சாரம் திரும்பவும் பேட்டரிக்கே வந்து சேரவேண்டும். வழி எங்கே அறுந்தாலும் வேலை நடக்காது. காரில் திரும்பி வரும் வழி அதன் இரும்பு உடலே. அதனால்தான் பேட்டரியின் ஒரு முனையை உடலோடும் இயந்திரத்தோடும் பிணைத்திருக்கிறார்கள். பெரும்பாலான கார்களில் அது எதிர்முனை. மோரிஸ் மைனர் போன்ற பழைய ஆங்கிலக் கார்களில் நேர்முனையே உடலோடு சேர்ந்திருக்கும். குறியைப் பார்த்துக்கொண்டு தொடுங்கள்.

முன்விளக்கு ஒன்றுக்கு ஏறக்குறைய 5 ஆம்பியர் போதும். ஸ்டார்ட்டருக்கோ 100 ஆம்பியருக்கு மேல் வேண்டும். ஆகவே விளக்கு எரிவதை வைத்து, எல்லாம் சரி என்று எண்ணிவிடக்கூடாது. ஆனால் அதே விளக்கைக் கொண்டு சோதனை செய்யலாம். கியரை விடுவித்து, கைப்பிரேக்கைப் போட்டு, முன்விளக்கை எரியவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் அடியோடு மறைந்தால், பேட்டரி முனையில் பிடி தளர்ந்திருக்கலாம். மங்கி மங்கிப் போனால், பேட்டரியில் மின்சாரம் குறைவு. வெளிச்சம் குறையாமலே இருந்து கார் கிளம்பாவிட்டால், மின்சாரம் ஸ்டார்ட்டரைச் சுற்றி வரவில்லை. எர்த் பட்டையையும் ஸ்டார்ட்டர் கம்பியையும் பாருங்கள். அன்றிரவு என் கார் காட்டியது இதைத்தான்.

துப்புரவு செய்யும்போது உடலோடு சேர்ந்த முனையை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். மறு முனையை முதலில் தொட்டால், ஸ்பேனர் இரும்பில் பட்டுத் தீப்பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் வாயு வெடிக்கக்கூடியது. சிகரெட்டுடன் கிட்டே போகவேண்டாம். முனையில் பூத்த வெள்ளைப் பொடியைச் சமையல் சோடா கலந்த சுடுநீரால் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். சோடா நீர் பேட்டரிக்குள் இறங்கக்கூடாது.

அளவுமானி வைத்திருப்போர் கவனியுங்கள். ஓய்விலிருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். இயந்திரம் ஓடும்போது அது 14 வோல்ட்டை ஒட்டி ஏறவேண்டும். ஏறாவிட்டால் பெல்ட் தளர்ந்திருக்கலாம், அல்லது ஆல்டர்னேட்டர் பழுதாகியிருக்கலாம். புதுப் பேட்டரி போட்டாலும் அதுவும் சில நாளில் இறங்கிவிடும்.

ஒரு வழக்கத்தை மட்டும் நான் கண்டித்தே ஆகவேண்டும். பியூஸ் அறுந்தால் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிச் செருகுகிறார்கள். பியூஸ் அறுவதே கம்பி எரியாமலிருக்கத்தான். வெள்ளித்தாள் அறுவதில்லை, கம்பியின் தோல் உருகிக் கார் தீப்பற்றும். 10 ஆம்பியர் இடத்தில் 10 ஆம்பியரையே போடுங்கள். அதுவும் உடனே அறுந்தால், எங்கோ கம்பி தோலுரிந்து இரும்பைத் தொடுகிறது என்று பொருள். கதவுக் கீலருகே வளையும் கம்பிகளை முதலில் பாருங்கள். செம்பனைத் தோட்டங்களில் இருப்போர், எலி கடித்த தடம் இருக்கிறதா என்று பானெட்டுக்குள்ளும் பார்த்துவிடுங்கள்.