சினிமா தேடும் பக்கமும் நம் விலைப்பட்டியலும்

மளிகைக் கடைக்கும் சினிமாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நம் உறுப்பினர் ஒருவரின் மகன், பார்க்க நல்ல படம் தேடித்தரும் இணையப் பக்கமொன்றைத் தாமே செய்து நம்மிடம் காட்டினார். கடை வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி அதில் நிறைய இருக்கிறது.

சரக்கு தம்பியுடையதல்ல. 'டிஎம்டிபி' என்ற தளம்தான் அவருக்கு மொத்தக் கிடங்கு. ரசிகர்களே 2008 முதல் விவரம் சேர்த்து வளர்த்தது. அனுமதிச் சாவி வாங்கிக்கொண்டு, இந்த மொழி, இந்த ஆண்டு, இந்த வகை என்று கேட்டால் தடவைக்கு 20 படங்களாக அனுப்பும். லாப நோக்கமில்லாதவர்க்குக் கட்டணமில்லை. கிடங்கின் பெயரைப் பக்கத்தில் போட வேண்டும். வியாபாரத்திற்கென்றால் தனி ஒப்பந்தம். (இலவசம் என்றதும் நிபந்தனையைப் படிக்காதவர்கள் நம்மிலும் உண்டு!)

வேலையெல்லாம் அடுக்குவதில்தான். கணினியில் ஐந்தைந்தாக நிற்கும் போஸ்டர்கள் கைபேசியில் இரண்டிரண்டாக ஒதுங்குகின்றன. பக்கம் ஒன்றே, திரையின் அகலம் பார்த்து வரிசை மாறுகிறது. இம்முறைக்கு 2010-ல் பெயர் சூட்டியவர் ஈதன் மார்காட் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர். அதற்கு முன்பு கணினிக்கு ஒன்று, கைபேசிக்கு ஒன்று என்று இரண்டு பக்கம் வைத்திருந்தவர்கள் பலர். ஒன்றில் திருத்தி மற்றதில் மறந்தால் வம்புதான்.

தம்பியின் முதல் முயற்சி, தந்தையின் பழைய கைபேசியில் திறக்கவே மறுத்தது. பெரிய படங்களை அப்படியே அனுப்பியதுதான் காரணம். கிடங்கிலேயே 92 பிக்சல் அகலம் முதல் 780 வரை பல அளவுகள் உண்டு. சிறிய திரைக்கு 185 போதும் என்று மாற்றினார். பக்கம் சட்டென்று வந்தது. அரைக் கிலோ கேட்பவருக்கு மூட்டையைத் தூக்கிக் கொடுப்போமா? தேடும் பெட்டியில் தட்டும் ஒவ்வொரு எழுத்துக்கும் கிடங்குக்கு ஆள் ஓடாமல், விரல் நின்றபின் ஒருமுறை மட்டும் கேட்கும்படியும் செய்திருக்கிறார்.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறோம் என்றால், நாமும் பட்டவர்கள். சங்கத்திற்கென்று பணம் கொடுத்துச் செய்வித்த விலைப்பட்டியல், அலுவலகக் கணினியில் அழகாக இருந்தது. கைபேசியில் சரக்கின் பெயர் தெரிந்தது. விலை திரைக்கு வெளியே போய்விட்டது! 'துவரம்பருப்பு என்ன விலை?' என்று உறுப்பினர்கள் தொலைபேசியிலேயே கேட்டார்கள். செய்தவரிடம் முறையிட்டால், கைபேசிக்குத் தனித் தொகை என்றார்.

ஆகவே, கடைக்கு இணையப் பக்கம் செய்விப்போர் முன்பணம் கொடுக்குமுன், 'எல்லாத் திரைக்கும் ஒரே பக்கம்' என்று எழுதி வாங்குங்கள். பாக்கித்தொகையைக் கொடுக்குமுன், உங்கள் கடையிலுள்ள மிக மலிவான கைபேசியை எடுத்து, சிக்னல் குறைந்த குடோனில் நின்று திறந்து பாருங்கள். நம் விலைப்பட்டியலை இப்போது அந்தத் தம்பியிடமே ஒப்படைத்திருக்கிறோம். பெயருக்குக் கீழேயே விலை வரும்படி முதலில் மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.